அஞ்சல்வழிப் பயின்ற மானிடவியல்: லோரிமர் ஃபைசனின் பிஜிப் பணியும் தமிழ் உறவுமுறைப் பட்டியலும்

ஆய்வுச் சுருக்கம்

மானிடவியல் பல்கலைக்கழகப் பாடமாக உருப்பெறுவதற்கு முன்னர், அத்துறையை முறையாகக் கற்றவர்களுள் ஒரு சாரார் கடல்கடந்த தீவுகளில் சமயப் பணி ஆற்றிய ஊழியர்கள் ஆவர். வகுப்பறையும் ஆசிரியரும் அருகில் இல்லாத நிலையில், அச்சிட்ட வினாப்பட்டியலும் கடிதங்களுமே அவர்களுக்குப் பாடநூலாக அமைந்தன. பிஜித் தீவுகளில் பணியாற்றிய மெதடிஸ்ட் ஊழியர் லோரிமர் ஃபைசன், அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கனிடம் அஞ்சல்வழியே உறவுமுறை ஆய்வைப் பயின்ற வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அப்பயிற்சியில் தமிழ் உறவுமுறை பெற்ற இடமும், சமயப் பணி தந்த வாய்ப்பும் தடையும், தொலைவிலிருந்து கற்ற கோட்பாடு பிஜியின் நிலவுரிமையில் விட்டுச்சென்ற தடமும் இதில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உறவுமுறைச் சொற்கள், வினாப்பட்டியல், மார்கன், ஃபைசன், பிஜி, மதங்காலி, மச்சான் உறவு.

முன்னுரை

குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் குறித்து எங்கெல்சு எழுதிய நூலைத் தமிழில் பயின்றோர், அதில் ஃபைசன் என்னும் ஆங்கிலேயச் சமய ஊழியரின் பெயரைக் கடந்து வந்திருப்பர். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் மணமுறையை உலகுக்கு அறிவித்தவர் என்ற அளவில் அப்பெயர் அங்கே இடம்பெறுகிறது. அவர் எங்கே கற்றார், எவரிடம் கற்றார் என்பவை பெரும்பாலும் கேட்கப்படாத வினாக்கள். ஆனால் அவ்வினாக்களுக்கான விடையில் வேலூரும் ஆற்காடும் வருகின்றன என்பதைத் தமிழாய்வு உலகம் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

ஃபைசன் 1832-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் சேர்ந்து பட்டம் பெறாமலே வெளியேறினார்; ஆஸ்திரேலியத் தங்க வயல்களுக்குச் சென்றார். அங்கே சமய வாழ்வில் ஈடுபாடு கொண்டு வெஸ்லியன் மெதடிஸ்ட் திருச்சபையின் ஊழியராகி, 1860-களின் முற்பாதியில் பிஜிக்கு அனுப்பப்பட்டார். 1871 வரையிலும், பின்னர் 1875 முதல் 1884 வரையிலும் அவர் அங்கே பணியாற்றினார். மானிடவியலில் அவருக்கு எவ்வித முன்பயிற்சியும் இல்லை. அக்காலத்தில் அத்தகைய பயிற்சியை அளிக்கும் நிறுவனம் எங்குமே இல்லை என்பதையும் உடன் கருதவேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் டைலருக்கு மானிடவியல் விரிவுரைப் பொறுப்பு வழங்கப்பட்டது 1884-இல். ஃபைசன் பிஜியை விட்டு நீங்கிய ஆண்டும் அதுவே.

பாடநூலாகிய வினாப்பட்டியல்

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் வழக்கறிஞராக இருந்த மார்கன், இராக்குவாய் மக்களிடையே ஒரு வியப்பான வழக்கத்தைக் கண்டார். தந்தையின் உடன்பிறந்தானும் 'தந்தை' என்றே அழைக்கப்பட்டான். தாயின் உடன்பிறந்தாள் 'தாய்' ஆனாள். ஆனால் தாயின் உடன்பிறந்தானுக்கும் தந்தையின் உடன்பிறந்தாளுக்கும் வேறு சொற்கள் இருந்தன. ஐரோப்பியருக்கு இது விந்தை. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா ஒருபுறமும் மாமா, அத்தை மறுபுறமுமாக வளர்ந்த தமிழருக்கு இதில் விந்தை ஏதுமில்லை. அந்த ஒப்புமையே மார்கனின் வாழ்நாள் ஆய்வுக்குத் திருப்புமுனையாக அமைந்தது. ஆற்காட்டு மிஷனைச் சேர்ந்த ஹென்றி ஸ்கடர் 1859-இல் அமெரிக்காவில் இருந்தபோது, அவர்வழியாகத் தமிழ் உறவுச் சொற்களை மார்கன் அறிந்தார். பின்னர் வேலூரில் பணியாற்றிய எசக்கியேல் ஸ்கடர் முழுமையான தமிழ்ப் பட்டியலை நிரப்பி அனுப்பினார். இரு கண்டங்களில், தொடர்பற்ற இரு மொழிகளில் ஒரே அமைப்பு காணப்பட்டதால், உறவுச் சொற்களை உலகெங்கும் திரட்டவேண்டும் என்ற முனைப்பு மார்கனுக்கு உண்டானது.

அதற்காக அவர் அச்சிட்ட பட்டியலில் இருநூறுக்கும் மேற்பட்ட வினாக்கள் இருந்தன. தந்தையின் உடன்பிறந்தானின் மகனின் மனைவியை ஓர் ஆண் எவ்வாறு அழைப்பான், ஒரு பெண் எவ்வாறு அழைப்பாள் என்பது போன்ற நுட்பமான வினாக்கள் அவை. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆதரவுடன் தூதரகங்களுக்கும் மிஷன்களுக்கும் அப்பட்டியல் சென்றது. 1869-இல் ஒரு படி பிஜியில் ஃபைசனின் கைக்கு எட்டியது.

வினாப்பட்டியலை வெறும் தகவல் திரட்டும் கருவியாகக் காண்பது வழக்கம். ஃபைசனைப் பொறுத்தவரை அதுவே முதல் பாடம். அவர் பிஜி மொழியை நன்கு அறிந்திருந்தார். அம்மொழியில் அருளுரை ஆற்றினார். ஆயினும் அம்மக்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொற்களுக்குள் ஓர் ஒழுங்கு உள்ளது என்பதைக் காணும் பார்வையை அப்பட்டியலின் வினா வரிசையே அவருக்கு அளித்தது. மொழியறிவு ஒருவரிடம் இருக்கலாம். எதைக் கேட்கவேண்டும் என்ற அறிவு வேறு. நல்ல ஆசிரியர் தருவது இரண்டாவதையே.

பிஜியச் சொற்களும் தமிழ்ச் சொற்களும்

ஃபைசன் நிரப்பியனுப்பிய பிஜியப் பட்டியலும் தொங்கப் பட்டியலும் 1871-இல் வெளிவந்த மார்கனின் பெருநூலில் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் பிஜிய முறை தமிழ் முறையோடு கொண்டுள்ள ஒற்றுமை குறிப்பிடத்தக்கது.

பிஜி மொழியில் 'தாமா' என்பது தந்தையையும் தந்தையின் உடன்பிறந்தானையும் குறிக்கும். 'தினா' என்பது தாய்க்கும் தாயின் உடன்பிறந்தாளுக்கும் பொது. தாய்மாமனைக் குறிக்கும் 'வுங்ஙோ' என்ற சொல் மாமனாரையும் குறிக்கும். அச்சொல்லாலேயே மாமன் தன் மருமகனையும் சுட்டுவான். தமிழில் தாய்மாமனும் மாமனாரும் 'மாமா' என்ற ஒரே விளிக்குள் அடங்குவதும், உடன்பிறந்தாள் மகனும் மகளின் கணவனும் 'மருமகன்' என்ற ஒரே சொல்லைப் பெறுவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கவை. 'தவாலே' என்ற பிஜியச் சொல் மாமன் மகனுக்கும் அத்தை மகனுக்கும் மனைவியின் உடன்பிறந்தானுக்கும் பொருந்தும். இதற்கு நேரான தமிழ்ச் சொல் 'மச்சான்' அல்லது 'மைத்துனன்' என்பதாகும். முறைப்பெண்ணை மணக்கும் வழக்கமே இரு மொழிகளிலும் இச்சொற்களை இவ்வாறு பிணைக்கிறது.

இராக்குவாய் முறையும் தமிழ் முறையும் ஒன்றே என மார்கன் கருதியது முழுதும் சரியன்று என்பது பின்னர் விளங்கியது. ஓர் ஆணின் மச்சானுடைய மகன் தமிழில் மருமகன் ஆவான். மச்சான் என்பவன் தன் உடன்பிறந்தாளை மணக்கத்தக்கவன் என்பதால் அவன் மகன் உடன்பிறந்தாள் மகனுக்குச் சமம். இராக்குவாய் வழக்கிலோ அதே மச்சானின் மகன் 'மகன்' எனப்படுகிறான்; அங்கு முறைமணம் அமைப்பின் அடிப்படையாக இல்லை. இவ்வேறுபாட்டை மார்கன் கண்டிருந்தும் சிறிதெனத் தள்ளினார். 1964-இல் லவுன்ஸ்பரி அதனை அடிப்படை வேறுபாடாக நிறுவியபின், 'இராக்குவாய் வகை', 'திராவிட வகை' என இரண்டாகப் பிரித்துக் கூறுவது ஆய்வு மரபாயிற்று. பிஜிய முறை இவ்விரண்டில் திராவிட வகையின் பக்கமே நிற்கிறது. எனவே ஃபைசன் அனுப்பிய பட்டியல், தம் ஆசிரியரின் பொதுமையாக்கத்தைத் திருத்தக்கூடிய சான்றைத் தன்னகத்தே கொண்டிருந்தது எனலாம். ஆசிரியரும் மாணவரும் அன்று அதனை அவ்வாறு படிக்கவில்லை.

பிஜியின் 'வாசு' வழக்கம் பற்றியும் ஒன்று கூறவேண்டும். உயர்குடித் தாய்க்குப் பிறந்த மகன், தாய்மாமனின் ஆட்சிப்பகுதியில் விரும்பிய பொருளை எடுத்துக்கொள்ளும் உரிமை பெற்றிருந்தான். தமிழகத்தில் தாய்மாமன் சீர் செய்யக் கடமைப்பட்டவன். பிஜியில் மருமகன் எடுத்துக்கொள்ள உரிமைப்பட்டவன். ஒரே உறவு ஓரிடத்தில் கொடுப்பவனின் கடமையாகவும் மற்றோரிடத்தில் பெறுபவனின் உரிமையாகவும் பேசப்படுவது தனி ஆய்வுக்கு உரியது.

மாணவர் ஆய்வாளராதல்

கடிதம் ஒன்று பிஜியிலிருந்து ராச்செஸ்டர் சென்று விடை திரும்ப மாதங்கள் பல ஆயின. ஐயம் தீரும்வரை காத்திருக்க இயலாத மாணவர் தாமே சிந்திக்கத் தொடங்குகிறார். தொலைநிலைக் கல்வியின் குறையாகப் பேசப்படும் இக்கால இடைவெளி ஃபைசனுக்கு ஒருவகையில் நன்மையே செய்தது.

1871-இல் ஆஸ்திரேலியா திரும்பிய அவர், தமக்கு மார்கன் செய்ததையே பிறர்க்குச் செய்யலானார். வினாக்களை அச்சிட்டு மிஷன் ஊழியர்களுக்கும் மேய்ச்சல் நிலக்காரர்களுக்கும் அனுப்பினார். செய்தித்தாள்கள் வழியாகவும் வேண்டுகோள் விடுத்தார். காமிலராய் மக்களின் மணவகுப்புகள் பற்றிக் கிடைத்த செய்திகளை மார்கனுக்கு எழுத, அவர் அவற்றை 1872-இல் அமெரிக்கக் கலை அறிவியல் கழகத்தின் நடவடிக்கைகளில் வெளியிட்டார்.

காமிலராய் மணவகுப்பு முறை ஒரு கணிதப் புதிர் போன்றது. ஆண்கள் முர்ரி, கும்போ, இப்பை, குபி என நான்கு வகுப்பினர். பெண்கள் முறையே மாதா, பூத்தா, இப்பாதா, குபித்தா எனப்படுவர். முர்ரி பூத்தாவை மணக்கவேண்டும். அவர்தம் மக்கள் இப்பை, இப்பாதா ஆவர். கும்போ மாதாவை மணப்பான். மக்கள் குபி, குபித்தா. இப்பை குபித்தாவை மணந்தால் மக்கள் முர்ரி, மாதா. குபி இப்பாதாவை மணந்தால் கும்போ, பூத்தா. இவ்வாறு மகன் தந்தையின் வகுப்பையும் பெறுவதில்லை, தாயின் வகுப்பையும் பெறுவதில்லை. ஆயினும் தாய்வழியாக நோக்கினால் முர்ரியும் குபியும் ஒரு பாதியாகவும், இப்பையும் கும்போவும் மறு பாதியாகவும் அமைகின்றனர். பிள்ளை எப்போதும் தாயின் பாதியிலேயே நிற்கிறது. இவ்வொழுங்கை நூலகத்தில் அமர்ந்து ஊகித்துவிட முடியாது. களத்திலிருந்து வந்த துண்டுச் செய்திகளை அடுக்கிப் பார்த்தே வகுக்க முடிந்தது.

ஃபைசனின் வேண்டுகோளைக் கண்டு எழுதியவர்களுள் முதன்மையானவர் கிப்ஸ்லாந்தில் நீதித்துறை அலுவலராக இருந்த ஆல்ஃபிரட் ஹோவிட். இருவரும் இணைந்து எழுதிய 'காமிலராயும் குர்னாயும்' என்னும் நூல் 1880-இல் மார்கனின் முன்னுரையோடு வெளிவந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் மார்கன் காலமானார்.

சமயப் பணி தந்ததும் மறைத்ததும்

நெடுங்காலத் தங்கல், மொழித் தேர்ச்சி, மக்களின் நம்பிக்கை ஆகிய மூன்றும் ஊழியர்க்கு இயல்பாக வாய்த்தன. சில வாரங்கள் தங்கிச் செல்லும் பயணிகளுக்கு இவை எட்டாதவை. இரண்டு மூன்று ஆண்டுகள் வாழ்ந்த ஐரோப்பியர் அம்மக்களைப் பற்றி எல்லாம் அறிந்துவிட்டதாக எண்ணுவர் என்றும், பத்தாண்டு கழிந்தபின் கூர்ந்து நோக்கும் ஒருவர் தமக்கு மிகச் சிறிதே தெரியும் என உணர்ந்து அப்போதுதான் கற்கத் தொடங்குகிறார் என்றும் ஃபைசன் கூறிய கருத்தை, மெலனீசிய மக்கள் பற்றிய தம் 1891-ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில் காட்ரிங்டன் எடுத்தாள்கிறார். காட்ரிங்டனும் ஒரு சமய ஊழியரே. 'மானா' என்னும் கருத்தாக்கம் மேலைச் சமயவியலில் பரவியது பெரிதும் அவர் எழுத்துகளால் ஆகும்.

இவ்வாய்ப்புகளின் மறுபக்கம் அவ்வளவு இனிமையானதன்று. ஃபைசன் 1885-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று வித்தி லெவுத் தீவின் உட்பகுதியான வைனிமாலாவின் 'நாங்ஙா' என்னும் கல்லடைப்புப் புனித இடத்தையும், இளைஞரை ஆடவராக ஏற்கும் அங்கு நிகழ்ந்த சடங்கையும் விவரிக்கிறது. அச்சடங்கு அதற்குள் வழக்கொழிந்து வந்தது. அதனைப் பதிவு செய்தவரின் திருச்சபையே அது வழக்கொழியக் காரணங்களுள் ஒன்று. மேலும், ஊழியர் எதனை வெறுப்பார் என்பதை அறிந்த மக்கள் அதனை அவரிடம் விரித்துரைக்கத் தயங்குவது இயல்பு. எனவே ஊழியர் எழுதிய இனவரைவியலில் உறவுமுறை, நிலம், கதை ஆகியவை செறிந்தும், சடங்கும் பாலுறவும் மெலிந்தும் காணப்படுவதை ஆவணத்தின் குணமாகக் கொண்டு வாசிக்கவேண்டும்.

கோட்பாட்டளவிலும் ஓர் இறுக்கம் இருந்தது. மார்கனின் படிநிலைக் கொள்கை, மனிதகுலத்தின் தொடக்கத்தில் வரன்முறையற்ற கூட்டுவாழ்வு நிலவியதாகக் கூறியது. ஆதியாகமத்தைப் போதிக்கும் ஒருவர்க்கு அது எளிதில் செரிக்கும் கருத்தன்று. ஃபைசன் உறவுச் சொற்களின் சான்றைப் பிடித்துக்கொண்டு, தொடக்கநிலை பற்றிய ஊகங்களில் எச்சரிக்கை காட்டினார். உறவுச் சொற்கள் வெறும் விளிமுறைகளே என்று மக்லென்னன் வாதிட்டபோது ஃபைசன் மார்கனின் பக்கம் நின்றார். பிஜியில் அச்சொற்களோடு கொடுக்கல் வாங்கலும், ஒதுங்கி நடக்கும் விதிகளும், உரிமைகளும் பிணைந்திருந்ததை நாள்தோறும் கண்டவர் அவர். ஆயினும் 1892-இல் ஹோபார்ட்டில் நடந்த அறிவியல் மாநாட்டில் மானிடவியல் பிரிவின் தலைவராகப் பேசியபோது, 1880-ஆம் ஆண்டு நூலில் தாம் முன்வைத்த கருதுகோள் ஒன்றை வெளிப்படையாகக் கைவிட்டார். தம் பெயரால் பரவிய கருத்தைத் தாமே மறுக்கும் இத்துணிவு அக்காலப் படிப்பறை அறிஞரிடம் அரிது.

அடுத்த தலைமுறைக்கு ஃபைசனும் ஹோவிட்டும் ஆசிரியராயினர். ஸ்பென்சரும் கில்லனும் 1899-இல் வெளியிட்ட மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பற்றிய நூல் இவ்விருவருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

நிலத்தில் பதிந்த கோட்பாடு

அஞ்சல்வழிக் கல்வி ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1874 அக்டோபரில் பிஜி பிரித்தானிய முடியாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் எவருக்கு உரியது என்பதே புதிய அரசின் முன்னிருந்த முதல் சிக்கல். குடித்தலைவர்களிடமிருந்து நிலம் வாங்கியதாக வெள்ளைத் தோட்டக்காரர்கள் உரிமை கோரினர். தலைவருக்கு அவ்வாறு விற்கும் உரிமை உண்டா? பிஜிய நிலவுடைமை பற்றிய தம் உரையில் ஃபைசன் இல்லை என்றே விடை கூறினார். நிலம் உறவுக்குழுவிற்கு உரியது. வாழ்வோர் அதனைத் துய்ப்பர், பின்வருவோர்க்கு விட்டுச்செல்வர். தலைவர் அதனை அறுதியாக விற்க இயலாது என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வுரை 1881-இல் இலண்டன் மானிடவியல் நிறுவனத்தின் இதழில் வெளியாயிற்று. ஆளுநர் ஆர்தர் கார்டன் பின்பற்றிய, பிஜியர் நிலம் கைமாறுவதைத் தடுக்கும் கொள்கைக்கு அது அறிவார்ந்த துணையாக அமைந்தது. 'மதங்காலி' என்னும் குழுவே நில உரிமையின் அலகு என்பது சட்டத்தில் நிலைபெற்றது.

இங்கேதான் தொலைவிலிருந்து கற்ற கோட்பாட்டின் வலிமையும் இடரும் ஒருங்கே தெரிகின்றன. பீட்டர் ஃபிரான்ஸ் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், பிஜியின் பகுதிதோறும் வேறுபட்ட, போராலும் இடப்பெயர்ச்சியாலும் மாறிக்கொண்டிருந்த வழக்கங்களை ஒரே சீரான அமைப்பாக ஃபைசன் காட்டினார் என்றும், மார்கனின் படிநிலைக் கொள்கை அதற்குத் தூண்டுதலாக இருந்தது என்றும் வாதிட்டார். இத்திறனாய்வு பெரும்பாலும் ஏற்கத்தக்கதே. ஆயினும் ஃபைசனின் விடை மாறியிருந்தால் பிஜியர் நிலம் தோட்டக்காரர் கைக்குப் போயிருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆஸ்திரேலியாவில் நிலம் இழந்த மக்களைக் கண்டபின் பிஜிக்குத் திரும்பிய ஒருவர் தந்த விடை அது.

அவ்விடையின் விளைவு தமிழரையும் தொட்டது. 1879-இல் 'லியோனிடாஸ்' கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளரைப் பிஜியில் இறக்கியபோது ஃபைசன் அங்கே பணியில் இருந்தார். பிஜியரின் நிலத்தையும் ஊர்வாழ்வையும் குலைக்காமல் காப்பது என்ற கொள்கையின் மறுபாதியே, கரும்புத் தோட்ட உழைப்புக்கு இந்தியாவிலிருந்து ஆளெடுப்பது என்பதாகும். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் சென்றனர். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர்களுள் பலர் மதங்காலி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு பயிரிட்டனர். வாங்க அவர்களுக்கு வழியில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது முப்பது ஆண்டுக் குத்தகையை உறுதி செய்தது. 1997 முதல் குத்தகைகள் முடிவுறத் தொடங்கியபோது, தலைமுறைகளாக உழுத வயலை விட்டுப் பல குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. நிலத்தை மீட்ட மதங்காலியினர் தம் முன்னோர் உரிமையை எடுத்துரைத்தனர். வெளியேறியோர் தம் உழைப்பை எடுத்துரைத்தனர். முன்னையோரின் உறவுமுறையும் பின்னையோருள் தமிழ்வழி வந்தோரின் உறவுமுறையும் மார்கனின் ஒரே நூலில் இடம்பெற்றவை. ஒன்றை வேலூரிலிருந்தும் மற்றொன்றை பிஜியிலிருந்தும் சமய ஊழியர்களே நிரப்பி அனுப்பியிருந்தனர்.